நெடுந்தூர ஓட்டமும் மாச்சத்தும்

நெடுந்தொலை ஓடுகின்றவன் ஓட்டத்தின் இடையே யாதேனும் உண்ணலாமோ, உண்ணலாகாதோ என்னும் வினா விளையாட்டு மைதானத்தில் நாடோறும் எழுவதொன்று. உண்டால் வயிற்றில் வலி காணும் என்பர் ஒரு சாரார். நீரும் அருந்தலாகாது என்பர் மற்றொரு சாரார். ஒரு பிடி குளுக்கோஸ் தூளை வாயிலிட்டுக்கொண்டால் நூறு கஜ ஓட்டத்திலும் வெற்றி கிட்டும் என்று நம்புவாரும் நம்மிடையே உளர். இம்மூன்று கூற்றுள்ளும் உண்மை எத்துணை என்பதை உடல்நூலார் சென்ற ஒரு நூற்றாண்டாகச் செய்துவந்த சோதனைகளைக்கொண்டு ஆராய்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்காலத்தார் இவ்விஷயத்தில் எவ்வளவு இருளில் இருந்தனர் என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1904ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், கொடிய வெயிலிலும் புழுதியிலும் மாரத்தன் ஓடி முதற்பரிசு பெற்றவர் தாமஸ் ஹிக்ஸ் என்பவர். அவர் வழியிற் சோர்ந்தபோது உடன் சென்றோர் அவருக்கு ஊட்டியது யாது? முட்டையின் வெண்கருவிற் கலந்த ஸ்டிரிக்னைன் என்னும் எட்டிக்காய் நஞ்சும், அதன்மேற் சிறிது பிராந்தியுமே. அவர் உயிரோடு கோட்டைக் கடந்தது அவருடைய உடலுரத்தின் பயனேயன்றி மருந்தின் பயனன்று. அன்று அவ்வுடல் வேண்டிநின்ற பொருள் ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் இருந்தது. ஆயினும் அதனை அறிந்தார் ஒருவருமிலர்.

நிற்க. உடல் உழைப்பதற்கு வேண்டிய ஆற்றல் பெரும்பாலும் இரண்டு பொருள்களினின்று வருகின்றது. ஒன்று கொழுப்பு; மற்றொன்று, கார்போஹைட்ரேட் என்று இரசாயன நூலார் வழங்கும் மாச்சத்து. சோறு, கேழ்வரகு, கிழங்கு, பழம், சர்க்கரை ஆகிய இவையெல்லாம் மாச்சத்து மிகுந்த உணவுகளே. இவை குடலிற் செரித்தபின் பெரும்பான்மையும் குளுக்கோஸ் என்னும் எளிய சர்க்கரையாக இரத்தத்திற் கலக்கின்றன. உடனே செலவாகாத குளுக்கோஸைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜென் என்னும் மாப்பொருளாக மாற்றிச் சேமித்துக்கொள்கின்றன. இச்சேமிப்பின் அளவு மிகச் சிறியது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். உடலிலுள்ள தசைகள் அனைத்திலும் சேர்த்து 300 முதல் 500 கிராம் வரை. இரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதோ 5 கிராமுக்கு மேலில்லை. ஒரு கிராம் மாச்சத்து 4 கலோரி ஆற்றல் தருமாகலின், முழுச் சேமிப்பும் 2000 கலோரி அளவினதே என்று கொள்ளலாம். 60 கிலோகிராம் எடையுள்ள இளைஞன் ஒருவன் 42 கிலோமீட்டர் தூரமுள்ள மாரத்தனை ஓடி முடிக்க ஏறக்குறைய 2500 கலோரி செலவாகும். வரவினும் செலவு மிகுதி என்பது இக்கணக்கினின்றே விளங்கும்.

இதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கல்லீரலிலுள்ள கிளைக்கோஜென் குளுக்கோஸாகப் பிரிந்து இரத்தத்தின் வழியே எவ்வுறுப்புக்கும் செல்ல வல்லது, தசையிலுள்ளதோ அத்தன்மையதன்று. குளுக்கோஸை வெளியே விடுதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லாமையால், ஒவ்வொரு தசையும் தன் சேமிப்பைத் தானே செலவிட வேண்டும். ஓடுகின்றவனுடைய தோளிலும் கையிலும் கிளைக்கோஜென் நிறைந்திருந்தாலும், வறண்டுபோன அவனுடைய தொடைக்கு அது நேரே உதவுவதில்லை. மூளையோ தன் உணவுக்கு இரத்தத்திலுள்ள குளுக்கோஸையே நம்பியிருக்கின்றது. ஆகவே கல்லீரலின் கையிருப்புத் தீர்ந்தால், வருந்துவது கால் மட்டுமன்று.

அங்ஙனமாயின், கொழுப்பு இருக்கின்றதே, அது போதாதோ என்று ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. மெலிந்த உடலினனாகிய ஓட்டக்காரனிடத்தும் 5 அல்லது 6 கிலோகிராம் கொழுப்பு இருக்கும். ஒரு கிராமுக்கு 9 கலோரி வீதம் கணக்கிட்டால் அது பல மாரத்தன்களுக்குப் போதும். குறைவு அளவில் அன்று; வேகத்திலேயே உள்ளது. கொழுப்பைத் தசைக்குக் கொணர்ந்து எரிக்கும் வேலை மெல்ல நடப்பது. அன்றியும், ஒரு லிட்டர் பிராணவாயுவைக்கொண்டு மாச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7 கலோரியே கிடைக்கும். மூச்சு வாங்க நடப்பவனுக்கு இவ்வேற்றுமை ஒரு பொருட்டன்று. தன் நெஞ்சின் முழு வலிமையையும் செலவிட்டு ஓடுகின்றவனுக்கோ, ஒவ்வொரு லிட்டர் பிராணவாயுவும் எண்ணிச் செலவழிக்க வேண்டிய பணமாகும். இதனாலேயே வேகம் கூடக்கூட உடல் கொழுப்பை விட்டு மாச்சத்தையே மிகுதியும் நாடுகின்றது. மாச்சத்துத் தீர்ந்தவன் ஓடவே முடியாதவன் அல்லன். வேகமாக ஓட முடியாதவன்.

இவ்வுண்மை முதன்முதல் தெளிவாகப் புலப்பட்டது 1924ஆம் ஆண்டிற் பாஸ்டன் நகரிலாகும். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரேதான் கனடா நாட்டில் இன்சுலின் என்னும் மருந்து நீரிழிவு நோயாளருக்கு முதலிற் செலுத்தப்பட்டது. அம்மருந்து அளவு மிஞ்சினால் இரத்தத்திற் சர்க்கரை தாழ்ந்து, உடல் வெளிறி, வியர்த்து, நடுங்கி, அறிவு மயங்கும் என்பதை வைத்தியர் கண்டிருந்தனர். பாஸ்டன் மாரத்தன் ஓடி முடித்தோர் சிலரிடத்தும் அதே குறிகள் தோன்றுதலை லெவின், கார்டன், டெரிக் என்னும் மருத்துவர் மூவர் நோக்கினர். நோக்கியதோடு அமையாது, ஓடி வந்தவருடைய இரத்தத்தை எடுத்துச் சோதித்தனர். களைத்து விழும் நிலையில் வந்தவர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்ந்தும், நன்னிலையில் வந்தவர்க்கு இயல்பாகவும் இருத்தலைக் கண்டனர். மறு ஆண்டு, 1925இல், ஓட்டக்காரர் சிலரை முன்னாளில் மாச்சத்து மிகுந்த உணவு உண்ணுமாறும், ஓடும்போது இடையிடையே மிட்டாய் தின்னுமாறும் செய்து மீண்டும் சோதித்தனர். சர்க்கரை தாழவில்லை, ஓடியவரும் நன்னிலையில் முடித்தனர். நோயாளியின் படுக்கையருகே கற்ற பாடத்தை ஓட்டப் பந்தயத்திற் கொண்டுவந்து பொருத்திய அம்மருத்துவரின் நுண்ணறிவு பாராட்டுதற்குரியது. ஆயினும், இத்துணை எளிய சோதனை வெளிவந்த பின்னரும் ஓட்டக்காரருட் பெரும்பாலார் பல்லாண்டுகள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பது வியப்பே. ஓடும்போது உண்பது ஆண்மைக் குறைவு என்னும் எண்ணம் அவ்வளவு வேரூன்றியிருந்தது போலும்.

1939ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டுக் கிறிஸ்டென்சன், ஹான்ஸென் என்னும் இருவர், சில நாட்கள் கொழுப்பு மிகுந்த உணவை உண்டவன் உழைக்கும் நேரம், மாச்சத்து மிகுந்த உணவை உண்டவன் உழைக்கும் நேரத்திற் பாதியும் இல்லை என்று காட்டினர். ஆனால் தசைக்குள்ளே நிகழ்வது யாது என்பதைக் கண்ணாற் காண அன்று வழியில்லை. அவ்வழியைத் திறந்தவர் ஸ்வீடன் நாட்டு பெர்க்ஸ்ட்ரோம் என்பவர். அவர் 1962இல் ஒரு பருத்த ஊசியைக்கொண்டு, உயிருள்ள மனிதனுடைய தொடையினின்று நெல்மணியளவு தசையைக் கிள்ளியெடுக்கும் முறையைப் பயன்படுத்தலானார். 1966இல் அவரும் ஹல்ட்மன் என்னும் அவர்தம் தோழரும் தம் உடலையே சோதனைக்கு உள்ளாக்கினர். நிலையான சைக்கிள் ஒன்றின் இருபுறமும் இருவரும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் மிதித்தனர்; மற்றைக் கால் ஓய்ந்திருந்தது. மிதித்த கால் வறண்டது. பின்னர் மூன்று நாட்கள் மாச்சத்து மிகுந்த உணவையே உண்டனர். உழைத்து வறண்ட காலில் கிளைக்கோஜென் முன்னிருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்காக ஏறிற்று; ஓய்ந்திருந்த காலிலோ மாறுதல் சிறிதே. ஒரே இரத்தம், ஒரே உணவு. இரு கால்களும் ஓர் உடலினவே. உழைத்த தசைக்கே அவ்வீட்டும் ஆற்றல் உண்டாகிறது என்பதை இதனினும் தெளிவாக யார் காட்ட வல்லார்? அச்சோதனையின் அழகைப் பன்முறை எண்ணி மகிழ்ந்திருக்கின்றேன்.

அடுத்த ஆண்டு, 1967இல், அவர்கள் வேறிருவருடன் கூடி வெளியிட்ட கணக்கு இன்றளவும் பாடநூல்களில் இடம்பெற்று வருகின்றது. ஒரே அளவான கடிய உழைப்பை, கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டவர் சராசரி 57 நிமிஷம் தாங்கினர். கலப்புணவு உண்டவர் 114 நிமிஷம் தாங்கினர். மாச்சத்து மிகுந்த உணவு உண்டவர் 167 நிமிஷம் தாங்கினர். தொடங்கும்போது தசையில் இருந்த கிளைக்கோஜென், ஒரு கிலோகிராம் தசைக்கு முறையே 6, 17, 35 கிராம் அளவில் இருந்தது. அம்மூன்று எண்களும் இம்மூன்று எண்களும் ஒன்றையொன்று பின்பற்றிச் செல்லுதலை நோக்குக.

இதுவரை கூறியது பந்தயத்துக்கு முன் உண்பதைப் பற்றியது. பந்தயத்தின் இடையே உண்பதாற் பயன் உண்டோ என்பது வேறு வினா. இதற்குச் சிறந்த விடை டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்து எட்வர்ட் கோய்ல் என்பவரும் அவர் துணைவரும் 1986இல் தந்தது. நன்கு பயின்ற சைக்கிள் வீரர் எழுவரைத் தம்முடைய உச்ச ஆற்றலில் நூற்றுக்கு 71 பங்கு வேகத்திற் களைக்கும்வரை மிதிக்கச் செய்தனர். வெறும் இனிப்புச் சுவையுள்ள நீரை அருந்தியபோது அவர்கள் 3 மணி நேரத்திற் களைத்தனர். மாச்சத்துக் கரைத்த நீரை அருந்தியபோது 4 மணி நேரம் தாங்கினர். இதில் எதிர்பாராத செய்தி ஒன்றும் வெளிப்பட்டது. அருந்திய மாச்சத்துத் தசையின் சேமிப்பைக் காக்கும் என்று பலரும் கருதியிருந்தனர். சோதித்தபோது அச்சேமிப்பு இருமுறையும் ஒரே வேகத்திற் குறைந்தது. மூன்றாம் மணியின் முடிவில் இருவகையிலும் தசை வறண்டே கிடந்தது. ஆயினும் மாச்சத்து அருந்தியவர் இரத்தத்தின் வழியே வந்த குளுக்கோஸைக்கொண்டு மேலும் ஒரு மணி நேரம் உழைத்தனர். மறு ஆண்டு கோகன் என்பவரும் கோய்லும், முற்றும் களைத்து நின்றவர்க்குச் சிறிது ஓய்வு தந்தபின் மீண்டும் மிதிக்கச் சொன்னார்கள். வெறும் இனிப்பு நீர் அருந்தியவர் 10 நிமிஷமும், மாச்சத்து அருந்தியவர் 26 நிமிஷமும், நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றப்பெற்றவர் 43 நிமிஷமும் தாங்கினர். இதனாற் போதருவது யாதெனின், களைத்து விழுந்தபின் உண்பது காலங்கடந்த செயல் என்பதே. வாயில் இட்டது குடலைக் கடந்து தசையைச் சேர நேரம் வேண்டும். ஆதலின் பசியும் தளர்ச்சியும் தோன்றுமுன்னரே உண்ணத் தொடங்குதல் அவசியம்.

எவ்வளவு உண்ணலாம்? இங்கே எல்லையிடுவது தசையன்று, குடலே. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸை உள்ளே கொண்டு செல்லும் வாயில்கள் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் விடுவதில்லை. மிகுதியாக உண்டால், உட்செல்லாத சர்க்கரை குடலிலே தங்கி, நீரை இழுத்து, வயிற்றுளைச்சலையும் கழிச்சலையும் உண்டாக்கும். உண்டால் வயிறு வலிக்கும் என்று கூறினோர் கூற்றில் உண்மை இவ்வளவே. ஆனால் பழச்சர்க்கரையாகிய பிரக்டோஸுக்கு வாயில் வேறு. குளுக்கோஸையும் பிரக்டோஸையும் சேர்த்து உண்டால் இரு வாயில்களும் ஒருங்கே திறந்து, மணிக்கு 90 கிராம்வரை பயன்படுத்தக் கூடும் என்று பர்மிங்ஹாம் நகரில் ஆராய்ந்த யூகண்ட்ரூப் என்பவரும் பிறரும் நிறுவினர். 2008இல் அவர்கள் செய்த சோதனை ஒன்றில், ஒரே அளவான மாச்சத்தை இவ்விரண்டுமாகக் கலந்து உண்டவர், குளுக்கோஸ் மட்டும் உண்டவரைக் காட்டிலும் நூற்றுக்கு 8 பங்கு மிகுந்த திறமை காட்டினர். பழகாத வயிறு இவ்வளவைத் தாங்காது. காலைப் பயிற்றுவது போலவே குடலையும் வாரக்கணக்கிற் பயிற்ற வேண்டும். அங்ஙனம் பயின்ற தொழின்முறை வீரர் சிலர் இந்நாளில் மணிக்கு 120 கிராம்வரை உட்கொள்ளுகின்றனர். அவர்களைப் பார்த்து மற்றையோரும் அங்ஙனம் செய்வது பேதைமை என்பது என் கருத்து.

இவ்வாராய்ச்சியில் மிக விநோதமான பகுதி இனி வருவது. ஒரு மணி நேரத்தில் முடியும் பந்தயத்தில் தசையின் சேமிப்புத் தீர்ந்துபோவதில்லை. ஆயினும் அதிலும் மாச்சத்து அருந்தியவர் சற்று விரைந்து முடித்தலைச் சிலர் கண்டு ஐயுற்றனர். இரத்தத்தில் நேரே குளுக்கோஸை ஏற்றிப் பார்த்தனர்; பயனில்லை. 2004ஆம் ஆண்டில் கார்ட்டர், யூகண்ட்ரூப், ஜோன்ஸ் என்பவர், மாச்சத்துக் கரைத்த நீரை வாயிற் கொப்பளித்து உமிழச் செய்தனர். ஒரு துளியும் விழுங்கவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரச் சோதனையில் ஆற்றல் நூற்றுக்கு 3 பங்கு அளவில் உயர்ந்தது! பின்னர் 2009இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, மாச்சத்து நாவிற் பட்ட அளவில், மகிழ்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் உரிய மூளைப் பகுதிகள் கிளர்ச்சியுறுதல் தெரிந்தது. சுவையற்ற மாப்பொருளும் இங்ஙனம் செய்தது. செயற்கை இனிப்போ செய்யவில்லை. உணவு வருகின்றது என்னும் செய்தியை வாய் அறிவிக்க, மூளை தன் கட்டுப்பாட்டைச் சிறிது தளர்த்துகின்றது போலும். களைப்பு என்பது தசையில் மட்டும் உண்டாவதன்று என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

மாச்சத்தை அறவே குறைத்துக் கொழுப்பையே உண்டு பழகினால், உடல் கொழுப்பை எரிக்கக் கற்றுக்கொள்ளும். அதனாற் சேமிப்புத் தீரும் என்ற அச்சமே இராது என்று வாதிப்பாரும் இக்காலத்து உளர். அவர் கூற்றின் முற்பகுதி உண்மையே; உடல் அங்ஙனம் கற்றுக்கொள்ளுகின்றது. ஆனால் வெற்றி கிட்டுகின்றதோ? ஆஸ்திரேலியாவில் லூயிஸ் பர்க் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் உலகப் புகழ்பெற்ற நடைப் பந்தய வீரர்களைக்கொண்டு இதனைச் சோதித்து 2017இல் வெளியிட்டனர். மூன்று வாரக் கடும்பயிற்சிக்குப்பின், மாச்சத்து உண்டவர் 10 கிலோமீட்டர் நடையில் முன்னினும் நூற்றுக்கு 5 அல்லது 6 பங்கு முன்னேறினர். கொழுப்பே உண்டவர் அதே பயிற்சியைச் செய்தும் முன்னேறவில்லை. கொழுப்பை அவர்கள் மிகுதியாகவே எரித்தனர். ஆனால் அதே வேகத்துக்கு அவர்களுக்குப் பிராணவாயு மிகுதியாகச் செலவாயிற்று. முன்னர்க் கூறிய 5க்கும் 4.7க்கும் உள்ள வேற்றுமை பந்தய வீதியில் வந்து தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

இவற்றையெல்லாம் அறிந்த பேரணியினரும் ஒரோவழி ஏமாறுதல் உண்டு. 2013ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், பிரெஞ்சு நாட்டுச் சைக்கிள் பந்தயமாகிய தூர் தி பிரான்ஸில் முதலிடம் வகித்துவந்த கிறிஸ் ஃப்ரூம் என்பவர், ஆல்ப் துவே மலையின்மேல் ஏறுகையில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து தளரலானார். உணவு வழங்கக் கூடாதென்று விதித்த எல்லைக்குள்ளே அவருடைய தோழர் ரிச்சி போர்ட் பின்னே சென்று சர்க்கரைக் குழம்பை வாங்கிவந்து கொடுத்தார். நடுவர் இருவருக்கும் 20 விநாடி தண்டம் விதித்தனர். அத்தண்டத்தை ஏற்று அவர் அதனை உண்டதே நன்றாயிற்று. அவ்வாண்டு வெற்றிமாலை அவருக்கே கிடைத்தது.

இனி, நம் மைதானத்து மாணவர்க்கு இவற்றால் ஆவது யாது என்று சுருங்கக் கூறுவேன். நூறு கஜமோ ஒரு மைலோ ஓடுபவர்க்கு இடையில் உணவு வேண்டுவதில்லை; அவர் வாயிலிடும் குளுக்கோஸ் தூள் குடலிலிருந்து புறப்படுமுன் பந்தயம் முடிந்துவிடும். மாலையில் ஒரு மணி நேரம் பந்தாடுபவர்க்கு நண்பகற் சோறே போதும். ஒரு மணிக்கு மேல் இரண்டரை மணிவரை ஓடுபவர், மணிக்கு 30 முதல் 60 கிராம்வரை மாச்சத்துச் சிறிது சிறிதாக உட்கொள்ளலாம். அதற்கு மேலும் நீளும் பந்தயங்களிலேயே 90 கிராம் என்னும் அளவுக்கு இடமுண்டு. விடியலில் எழுந்து வெறுவயிற்றுடன் நெடுந்தொலை ஓடச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: இரவு முழுதும் மூளைக்கு உணவளித்த கல்லீரல் காலையிற் பெரிதும் குறைந்தே இருக்கும்.

இதற்காக விலையுயர்ந்த புட்டிகளை வாங்குதல் வேண்டா. ஒரு லிட்டர் நீரில் 60 முதல் 80 கிராம்வரை சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்தால், கடையில் விற்கும் பானத்துக்கு அது குறைந்ததன்று. நாம் உண்ணும் கருப்பஞ்சர்க்கரை குளுக்கோஸும் பிரக்டோஸும் சரிபாதியாக இணைந்த பொருளாதலின், மேலே கூறிய இரு வாயில்களுக்கும் அது இயல்பாகவே பொருந்தும். வெல்லம் கரைத்து எலுமிச்சை பிழிந்த பானகத்தை நம் முன்னோர் கோடையிற் பருகிவந்தது ஓட்டப் பந்தயத்தை எண்ணியன்று. ஆயினும் அளவறிந்து நீர்க்கக் கரைத்தால் அதுவும் இத்தொழிலுக்கு உதவும். இளநீரைப் பற்றிப் பலரும் மிகுத்துக் கூறுவர். அது தாகத்துக்கு நன்று. ஆனால் அதிலுள்ள சர்க்கரை நூறு மில்லிலிட்டருக்கு 3 அல்லது 4 கிராமே யாகலின், நெடுந்தொலை ஓடுபவர்க்கு அது மட்டும் போதாது. உடன் ஒரு வாழைப்பழமும் உண்ணுதல் தகும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. சர்க்கரை நீரால் அடிக்கடி வாயை நனைப்பவர்க்குப் பல் சொத்தையாகும். ஓட்டம் முடிந்ததும் தூய நீரால் வாய் கொப்பளித்தல் நலம். நீரிழிவுடைய மாணவரும், இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் இக்கட்டுரையிலுள்ள அளவுகளைத் தமக்குரியனவாகக் கொள்ளாது, தம் மருத்துவரைக் கலந்தே நடத்தல் வேண்டும். ஏனெனில் ஓட்டம் அவர்தம் இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தவும் கூடும், சிலபோது உயர்த்தவும் கூடும்.